நாகர்கோவிலுக்குப் பெரிய ஸ்டேடியம் வந்தால் ஊர் செழிக்குமா?

14 ஜனவரி 2025, காலை. வடசேரி வாசகர் கேட்டது:

திருவனந்தபுரத்தில் காரியவட்டம் ஸ்டேடியம் இருக்கிறது. திருநெல்வேலி சங்கர் நகரில் டிஎன்பிஎல் (தமிழ்நாடு பிரீமியர் லீக்) கிரிக்கெட் நடக்கிறது. மதுரைக்கு ஜல்லிக்கட்டு அரங்கமே வந்தாச்சு. நாகர்கோவில் மாநகராட்சி ஆகி ஐந்து வருடம் தாண்டியும் இங்கே பெரிதாக ஒன்றும் இல்லை. ஐம்பதாயிரம் பேர் உட்காரும்படி ஒரு கிரிக்கெட் ஸ்டேடியம் கட்டினால் லாட்ஜ், ஆட்டோ, ஓட்டல், டீக்கடை என்று எல்லாருக்கும் பிழைப்பு ஆகுமே. விளையாட்டுச் சாமான் கடை வைத்திருக்கும் நீங்களே இது வேண்டாம் என்கிறீர்களாம். ஏன் அண்ணாச்சி?

14 ஜனவரி, இரவு

விளையாட்டு வேண்டாம் என்று நான் எங்கேயும் சொல்லவில்லை. என் சோறே அதில்தான். அரசுப் பணத்தில் பிரம்மாண்டமாக ஒன்றைக் கட்டினால் ஊர்ப் பொருளாதாரம் தூக்கி நிறுத்தப்படும் என்ற பேச்சைத்தான் நான் நம்பவில்லை. ஸ்டேடியம் அழகாக இருக்கும், ஊருக்குப் பெருமை. அந்தப் பெருமைக்காகத்தான் கட்டுகிறோம் என்று சொல்லிக் கட்டினால் அது நேர்மை. டீக்கடைக்காரர் பெயரைச் சொல்லிக் கட்டுவதைத்தான் ஏற்க முடியவில்லை.

காரியவட்டத்தை நீங்களே சொன்னதால் அங்கிருந்தே தொடங்குகிறேன். நாளை எழுதுகிறேன், இன்று பொங்கல்.

15 ஜனவரி

2018 நவம்பர் 1, இந்தியா–வெஸ்ட் இண்டீஸ் ஒருநாள் போட்டி. என் மைத்துனர் ஏத்தங்காய் சிப்ஸ் போடுகிறவர். வெளியே வைத்து விற்கலாம் என்று பாக்கெட்டுகளை வேனில் ஏற்றிக்கொண்டு கிளம்பினார், நானும் கூடப் போனேன். கேட்டுக்கு அருகில் நிற்க விடவில்லை. பக்கத்து ஊரான கழக்கூட்டம் போகிற பக்கமாக நகர்ந்து நகர்ந்து கடைசியில் ஒரு மரத்தடியில் இடம் கிடைத்தது. சிப்ஸ் பாக்கெட்டை உள்ளே கொண்டுபோக முடியாது, தண்ணீர் பாட்டிலையும் கேட்டிலேயே வாங்கிப் போட்டுவிட்டார்கள். அதனால் போகிற கூட்டம் வாங்கவில்லை. ஆட்டம் முடிந்து திரும்பும்போது வாங்குவார்கள் என்று காத்திருந்தோம். வெஸ்ட் இண்டீஸ் 104 ரன்னில் சுருண்டது, இந்தியா பதினைந்தாவது ஓவரிலேயே அடித்து முடித்துவிட்டது. பகலிரவு ஆட்டம் பொழுது சாய்வதற்குள் தீர்ந்துபோனது. கூட்டம் முழுக்க பஸ்ஸைப் பிடிக்க ஓடியது. சாப்பாட்டு நேரம் வந்திருந்தால்தானே யாருக்கும் பசிக்கும்.

அன்றைக்கு நல்ல வியாபாரம் பார்த்தவர் எங்களுக்கு அடுத்து நின்ற ஜெர்சிக்காரர்தான். நீலப் பனியன்களைத் தோளில் போட்டுக்கொண்டு, கன்னத்தில் கொடி வரைகிற பிரஷையும் கையில் வைத்திருந்தார். ஊர் திருப்பூர். சரக்கும் அங்கேயிருந்துதான். அந்தத் தொடர் போகிற ஊருக்கெல்லாம் போவாராம், 11-ம் தேதி சென்னையில் டி20, அடுத்து அங்கே என்றார். உழைப்பாளி, அவருக்குக் கிடைத்ததில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆனால் அந்தப் பணம் கழக்கூட்டத்தில் தங்கவில்லை, ராத்திரியே ரயில் ஏறிவிட்டது. உள்ளே நடந்த சாப்பாட்டு வியாபாரமும் மொத்தமாக ஒப்பந்தம் எடுத்தவர்களுக்கு.

இன்னொன்று. இரண்டு வருடம் முன்பு இதே ஜனவரி 15 அன்று அதே இடத்தில் இந்தியா இலங்கையை 317 ரன் வித்தியாசத்தில் வென்றது. ஒருநாள் கிரிக்கெட்டில் அதற்கு முன் யாரும் அவ்வளவு பெரிய வித்தியாசத்தில் வென்றதில்லை. கோலி 166 நாட்-அவுட். அப்படிப்பட்ட ஆட்டத்துக்கு கேலரி பாதிக்கு மேல் காலி. டிக்கெட் 1,000, 2,000 ரூபாய், அதற்கு மேல் ஜிஎஸ்டி, அதற்கும் மேல் கேளிக்கை வரி. அந்தக் கேளிக்கை வரியையும் 5 சதவீதத்திலிருந்து 12 ஆக உயர்த்தியிருந்தார்கள், அது பெரிய சண்டையானது. தொடரை இந்தியா ஏற்கெனவே ஜெயித்திருந்ததும் ஒரு காரணம். கவனியுங்கள்: வரி போட்டால் கூட்டம் குறைகிறது, போடாவிட்டால் உள்ளூர் நிர்வாகத்துக்கு ஒன்றும் வருவதில்லை.

15 ஜனவரி, மறுபடியும்

"வருடம் முழுக்க ஆட்டம் நடந்தால்?" என்று குளச்சல் தம்பி கேட்கிறார். எங்கிருந்து நடக்கும் தம்பி? காரியவட்டம் 2015 தேசிய விளையாட்டுப் போட்டிக்காகக் கட்டியது. இந்தப் பத்து வருடத்தில் இந்திய ஆண்கள் அணி அங்கே ஆடிய சர்வதேச கிரிக்கெட் ஆட்டங்கள் ஆறு: 2017, 2018, 2019, 2022, அப்புறம் 2023-ல் இரண்டு. 2017-ல் மழை வந்து எட்டு ஓவர் ஆட்டமாகக் குறைந்தது. நடுவில் தெற்காசியக் கால்பந்து நடந்தது, போன செப்டம்பரில் கேரள கிரிக்கெட் லீக் நடந்தது, அவ்வளவையும் கூட்டிக்கொள்ளுங்கள். மீதி நாளெல்லாம் புல்லுக்குத் தண்ணீர் விட வேண்டும், காவலுக்கு ஆள் வேண்டும். கட்டி நடத்த வந்த ஐஎல்&எஃப்எஸ் நிறுவனம் 2018-ல் கடனில் மூழ்கியது. அதன்பின் பராமரிப்பு யார் பொறுப்பு என்பதே வழக்காகப் போனது. 2021-ல் ராணுவ ஆள்சேர்ப்பை உள்ளே நடத்தி மைதானம் பாழானது. கேரளத்தின் தலைநகரம், விமான நிலையம், டெக்னோபார்க் எல்லாம் பக்கத்தில் இருந்தும் கதை இதுதான்.

17 ஜனவரி

மதுரை அரங்கம் பற்றி. நேற்று அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டை டிவியில் பார்த்திருப்பீர்கள். எங்கே நடந்தது? ஊர் வாடிவாசலில். கீழக்கரையில் 60 கோடிக்கு மேல் செலவழித்துக் கட்டி, போன வருடம் ஜனவரி 24-ல் திறந்த அரங்கத்தில் அல்ல. அலங்காநல்லூர்க்காரர்களுக்கு அது முனியாண்டி கோவில் காரியம், வாடிவாசலை விட்டுத்தர மாட்டார்கள். அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. அரங்கத்தில் தனியாகப் போட்டிகள் வைக்கிறார்கள், வைக்கட்டும். ஒரு விளையாட்டு எந்த மண்ணில் வேர் விட்டிருக்கிறதோ அங்கேதான் அதன் கூட்டமும் கடைகளும் இருக்கும் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

சங்கர் நகர் வேறு மாதிரி. அங்கே ஏற்கெனவே சிமெண்ட் ஆலை மைதானம் ஒன்று இருந்தது. அதையே டிஎன்பிஎல்லுக்குப் பயன்படுத்திக்கொண்டார்கள். நாம் பாடம் படிக்க வேண்டியது அங்கேதான்.

22 ஜனவரி

"இதெல்லாம் உங்கள் அனுபவம், படித்தவர்கள் என்ன சொல்கிறார்கள்?" என்று தக்கலை அக்கா கேட்டார். நல்ல கேள்வி. என் தங்கை மகன் பொருளாதாரம் படிக்கிறான், அவனை உட்கார வைத்து விளக்கச் சொன்னேன்.

அமெரிக்காவில் இதை முப்பது நாற்பது வருடமாக அளந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ராபர்ட் பேட், ரோஜர் நோல், ஆண்ட்ரூ சிம்பலிஸ்ட், டென்னிஸ் கோட்ஸ், பிராட் ஹம்ஃப்ரீஸ் என்று நிறையப் பேர். சின்னச் சின்ன விஷயத்தில் மாறுபட்டாலும் முடிவு ஏறக்குறைய ஒன்றுதான்: ஸ்டேடியம் கட்டியதால் நகரத்தின் வருமானமோ வேலைவாய்ப்போ குறிப்பிடும்படி உயர்ந்ததாகத் தெரியவில்லை. 2017-ல் சிகாகோ பல்கலைக்கழகம் பெயர்பெற்ற பொருளாதார அறிஞர்களிடம் கருத்து கேட்டது. மக்களுக்கு ஆகும் செலவு ஊருக்கு வரும் பலனைவிட அதிகம் என்று பத்தில் எட்டுப் பேருக்கு மேல் ஒத்துக்கொண்டார்கள். பொருளாதார அறிஞர்கள் இவ்வளவு பேர் ஒரே பக்கம் நிற்பது அபூர்வம் என்று பையன் சொன்னான்.

காரணம் நமக்கே தெரிந்ததுதான். மார்த்தாண்டத்தில் ஒரு குடும்பம் மாதத்துக்கு ஒரு தடவை வெளியே போகும். சினிமா, பிரியாணி, இல்லாவிட்டால் திற்பரப்பு அருவி. அதற்கென்று ஒதுக்கி வைக்கும் காசு ஓரளவுதான். மேட்ச் வந்தால் அந்தக் காசு மேட்சுக்குப் போகும், அந்த மாதம் திற்பரப்பில் மாங்காய் விற்கிற அம்மாவுக்குக் கிடைக்காது. ஊருக்குள் புதுப் பணம் வரவில்லை, இருந்த பணம் இடம் மாறியிருக்கிறது. அப்படி இடம் மாறியதிலும் பெரும்பங்கு வீரர்களுக்கும், ஒளிபரப்புக்காரர்களுக்கும், ஒப்பந்தக்காரர்களுக்கும் என்று வெளியே போய்விடுகிறது.

பால்டிமோர் நகரத்தில் 1992-ல் ஒரு பேஸ்பால் அரங்கம் திறந்தார்கள். வெற்றிக்கதை என்று எல்லாரும் சொல்வது அதைத்தான். வாஷிங்டன் பக்கத்தில் இருப்பதால் வெளியூர்க் கூட்டம் நிறைய வரும். நோலும் சிம்பலிஸ்டும் தந்த கணக்கைப் பாருங்கள். சுமார் 20 கோடி டாலர் போட்டதற்கு ஊருக்கு நிகரமாகக் கிடைத்தது வருடத்துக்கு 30 லட்சம் டாலர். வெற்றி பெற்ற அரங்கத்துக்கே கணக்கு இது. அதே ஊரில் அடுத்துக் கட்டிய அமெரிக்கக் கால்பந்து அரங்கத்தில் ஒரு வேலையை உருவாக்க ஆன செலவு 1,27,000 டாலர் என்று இன்னொரு ஆய்வு சொன்னது. அதே மேரிலாந்து மாநிலத்தின் வேறொரு தொழில் ஊக்கத் திட்டத்தில் ஒரு வேலைக்கு ஆனது 6,250 டாலர். மிச்சிகனில் பான்டியாக் என்ற ஊர் 1975-ல் 5.57 கோடி டாலர் போட்டு எண்பதாயிரம் பேர் உட்காரும் அரங்கம் கட்டியது. அணி வேறிடம் போய்விட்டது. 2009-ல் ஏலம் விட்டார்கள். போன விலை 5,83,000 டாலர்.

23 ஜனவரி

சென்னை சேப்பாக்கம் ஸ்டேடியத்தால் திருவல்லிக்கேணி பிழைக்கிறதே என்கிறார்கள். திருவல்லிக்கேணி மேன்ஷன்களும் மெஸ்களும் மேட்சை நம்பியா இருக்கின்றன? வேலை தேடி வந்தவர்களாலும் பார்த்தசாரதி கோவிலாலும் கடற்கரையாலும் அந்தப் பகுதி எப்போதும் நிரம்பியே இருக்கும். 1916-லிருந்து இருக்கிற மைதானத்துக்கு நூறு வருடக் கூட்டம் சேர்ந்திருக்கிறது. அதை நாளைக்கு ஒழுகினசேரியில் எதிர்பார்க்க முடியாது.

2 பிப்ரவரி

ஒரு வாரமாக ஒரு விஷயம் மனதில் ஓடிக்கொண்டே இருக்கிறது. குளச்சல் தம்பி இமாச்சலப் பிரதேசத்துத் தர்மசாலாவைக் காட்டினார். பனிமலை பின்னணியில் மைதானம், அதைப் பார்ப்பதற்கென்றே ஆள் வருகிறது, கன்னியாகுமரியில் கடல் தெரியும்படி கட்டினால் வராதா என்று கேட்டார். இதைத் தட்டிக்கழிக்க முடியாது. போன வருடம் மார்ச்சில் இங்கிலாந்து டெஸ்ட்டுக்கு அந்நாட்டு ரசிகர்கள் தர்மசாலாவை நிறைத்திருந்தார்கள். டெஸ்ட் மூன்றே நாளில் முடிந்தது, வந்தவர்கள் மலையைச் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் போயிருப்பார்கள். வெளியூர்ப் பணம் என்றால் இதுதான் நிஜமான வெளியூர்ப் பணம்.

இதற்கு உதாரணம் தேடி இமயம் வரை போக வேண்டியதில்லை, நமக்குத் தென்கிழக்கே கடல் தாண்டினால் இலங்கையில் நல்லதும் கெட்டதும் இரண்டும் இருக்கிறது. காலி (Galle) என்ற ஊரின் மைதானம் கோட்டைச் சுவருக்கும் கடலுக்கும் பக்கத்தில். பெரிய கேலரி கிடையாது. புல்மேட்டில் உட்கார்ந்தும், காசு கொடுக்காமல் கோட்டைச் சுவரில் நின்றும் பார்ப்பார்கள். 2004 சுனாமியில் அடியோடு போனது. திருப்பிக் கட்டி 2007 டிசம்பரில் இங்கிலாந்து டெஸ்ட்டோடு திறந்தார்கள். மணக்குடியும் குளச்சலும் அன்று பட்ட பாட்டைப் பார்த்த நமக்கு அது எவ்வளவு பெரிய காரியம் என்று தெரியும். அதே தென்கரையில் அம்பாந்தோட்டைப் பக்கம் சூரியவெவயில் 2011 உலகக் கோப்பைக்காக 35,000 பேருக்கு ஒரு ஸ்டேடியம். காட்டை வெட்டிக் கட்டியது. உலகக் கோப்பையில் அங்கே நடந்தது இரண்டு ஆட்டம். அதற்குப் பிறகு பெரும்பாலும் ஆளில்லாமல் கிடக்கிறது.

ஆக, இடத்தின் அழகுக்கும் பழைய ஊருக்கும் ஒட்டி, சின்னதாக, ஏற்கெனவே இருக்கும் திடலை மேம்படுத்தினால் பலன் கிடைக்க வாய்ப்பு உண்டு என்று இப்போது சேர்த்துக்கொள்கிறேன். ஐம்பதாயிரம் இருக்கை மட்டும் வேண்டாம்.

3 பிப்ரவரி

நேற்று விட்டுப்போனவை. தர்மசாலாவுக்கு இல்லாத சிக்கல் நமக்கு உண்டு. இந்த மாவட்டத்தில் விமான நிலையம் இல்லை. அணிகளும் டிவிக்காரர்களும் திருவனந்தபுரத்திலோ கோவளத்திலோ தங்குவார்கள். அறை வாடகை கேரளத்துக்கு, குப்பை நமக்கு. அடுத்தது மழை. தென்மேற்கும் வடகிழக்கும் இரண்டும் பெய்கிற மாவட்டம் இது. ஜூன் முதல் டிசம்பர் வரை எந்தத் தேதி கொடுத்தாலும் பயந்துகொண்டே கொடுக்க வேண்டும்.

நிலம் அதைவிடப் பெரிய பிரச்சினை. 1,700 சதுர கிலோமீட்டருக்குள், 2011 கணக்கெடுப்பின்படியே 18.7 லட்சம் பேர். நாற்பது ஏக்கர் ஒரே இடத்தில் வேண்டும் என்றால் வயல் ஏலாவில்தான் கை வைப்பார்கள், இல்லாவிட்டால் குளத்தில். மிச்சமிருக்கிற நெல்வயலைப் பார்க்கும்போதெல்லாம் இன்னும் எத்தனை பூவுக்கு (சாகுபடிக்கு) இருக்கும் என்று நெஞ்சு பதறுகிறது. நாலுவழிச் சாலைக்குப் போனதே போதும்.

16 பிப்ரவரி

இந்த வாரம் தூத்தூர் பக்கம் ஒரு செவன்ஸ் (அணிக்கு ஏழு பேர் ஆடும் கால்பந்து) போட்டிக்குக் கோப்பை கொண்டுபோனேன். எழுத வேண்டும் என்று இருந்ததே இதுதான்.

கடற்கரை ஊர்களில் கால்பந்து எப்படி என்று கிழக்கே இருப்பவர்கள் பலருக்குத் தெரியாது. வள்ளவிளை, சின்னத்துறை, இரவிபுத்தன்துறை, இனயம், குறும்பனை, எங்கே போனாலும் சாயங்காலம் மணலில் பந்து ஓடும். ஆழ்கடலுக்குப் போனவர்கள் வாரக்கணக்கில் திரும்ப மாட்டார்கள். அவர்கள் கரையில் இருக்கும் நாளைப் பார்த்துத்தான் போட்டித் தேதியே குறிக்கிறார்கள், கிறிஸ்துமஸை ஒட்டி, ஊர்த் திருவிழாவை ஒட்டி.

நான் போன இடத்தில் சவுக்குக் கம்பும் இரும்புக் குழாயும் வைத்துக் கேலரி கட்டியிருந்தார்கள். கட்டியவர் கருங்கல் ஊர்க்காரர். மைக் செட்டும் டியூப் லைட்டும் பக்கத்து ஊர். ஒரு ஓரத்தில் புரோட்டாக் கல், அடுத்தது சுக்குக் காபி, அதற்கடுத்து அவித்த கப்பைக் கிழங்கும் மீன் கறியும். புரோட்டா போட்ட பெண் அந்தத் தெருவிலேயே இருக்கிறவர், மாவு பிசைந்தது அவர் வீட்டில். பரிசுத்தொகை கொடுத்தது படகு உரிமையாளர்கள். பார்க்கிறவர்களில் பாதி கேரளப் பக்கத்திலிருந்து, பொழியூர், விழிஞ்ஞம் என்று பைக்கில் வந்தவர்கள். வெளியூர்க் காசு வந்தது, ஊருக்குள்ளேயே கைமாறியது. மறுநாள் குழாயைக் கழற்றி லாரியில் ஏற்றியாயிற்று. பராமரிப்புச் செலவு பூஜ்யம்.

ஆனால் அந்தக் கேலரி ஆடுகிறது மக்கா, அதைச் சொல்லாமல் இருக்க முடியாது. 2022 மார்ச்சில் மலப்புறம் மாவட்டத்தில் இதே மாதிரி தற்காலிகக் கேலரி செவன்ஸ் ஆட்டத்தின்போது சரிந்து ஏராளமானோர் காயப்பட்டார்கள். எத்தனை பேர் ஏறலாம் என்று ஒரு பொறியாளர் வந்து பார்த்துச் சொல்லவேண்டும். இதற்கு அரசு செலவழித்தால் நான் கைதட்டுவேன்.

அங்கே ஒரு அம்மாவைப் பார்த்தேன். மீன் விற்கிறவர். மகனுக்கு என் கடையில்தான் பூட்ஸ் வாங்குவார், தவணையாகக் கொடுத்து முடிப்பார். மணலில் ஆடுகிறவனுக்குப் பூட்ஸ் எதற்கு என்று முதல் தடவை கேட்டேன். "புல்லில் தேர்வு வைக்கும்போது இவன் வழுக்கி விழப்பிடாதுல்லா" என்றார். பையன் இப்போது விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரியில் படிக்கிறான். ஆனால் புல் மைதானம் வேண்டும் என்றால் இன்றும் பஸ் ஏறித்தான் போக வேண்டும். இந்தக் கரையில் பிறந்த பிள்ளைகள் காவல்துறை அணிக்கும் ரயில்வே அணிக்கும் ஆடப் போவது நமக்குத் தெரியும். ஒருவன் அப்படிச் சம்பளத்துக்குப் போனால் முப்பது வருடம் அந்த வீட்டுக்கு வருமானம். விளையாட்டு ஊர்ப் பொருளாதாரத்தைத் தூக்குவது என்றால் எனக்குத் தெரிந்த வழி இதுதான்.

17 பிப்ரவரி

கட்டுமான வேலை கிடைக்குமே என்கிறார் வடசேரி வாசகர். கிடைக்கும், இரண்டு வருடம். அதே பணத்தில் பள்ளிக்கூடம் கட்டினாலும் கிடைக்கும், கடலரிப்புத் தடுப்புச் சுவர் கட்டினாலும் கிடைக்கும். ஸ்டேடியத்துக்கே உரிய பலனாக அதைச் சேர்க்க முடியாது.

11 மார்ச்

மண்டைக்காட்டுக் கொடை இன்று நிறைவு. இருமுடி கட்டிக்கொண்டு கேரளத்திலிருந்து வரும் பெண்கள் கூட்டம் பத்து நாளும் குறையவில்லை. வளையல் கடை, மண்டையப்பம், பஸ், வேன் எல்லாவற்றிலும் காசு புரண்டது. கோட்டாறு சவேரியார் திருவிழாவிலும் அப்படித்தான், சுசீந்திரம் மார்கழித் தேரிலும் அப்படித்தான். போன டிசம்பர் 30-ல் திறந்த கண்ணாடிப் பாலத்தைப் பாருங்கள். 37 கோடி, 77 மீட்டர் நீளம். விவேகானந்தர் பாறைக்குப் போகிறவர்கள் வள்ளுவர் சிலைக்கும் நடந்தே போகலாம், கடல் ஒத்துழைக்கிற நாளெல்லாம் பயன். ஏற்கெனவே வருகிற கூட்டத்தை இன்னும் ஒரு மணிநேரம், முடிந்தால் இன்னும் ஓர் இரவு இருக்க வைத்தால் லாட்ஜுக்கும் ஓட்டலுக்கும் நேரடி லாபம். "ஸ்டேடியத்துக்குப் பதில் என்ன?" என்று கேட்ட தக்கலை அக்காவுக்கு என் பதிலில் பாதி இது.

16 மார்ச்

மீதிப் பாதி. தொகுதிக்கு ஒரு சிறு விளையாட்டரங்கம், 3 கோடி ரூபாயில், என்று தமிழக அரசுத் திட்டம் இருக்கிறது. அந்த அளவுதான் நமக்குச் சரி. வடசேரி அண்ணா விளையாட்டரங்கமும் இருக்கிறது. காலையில் நடக்கிறவர்களும் ஓடுகிறவர்களும் தினமும் பயன்படுத்துகிற இடம், முதலில் அதற்குத்தான் பணம் போக வேண்டும்.

நாங்கள் சிலர் சேர்ந்து ஒரு மனு எழுதியிருக்கிறோம். கடற்கரைப் பக்கம் ஒரு புல் மைதானமாவது வேண்டும். இரவு எட்டரை வரை விளக்கு எரிய வேண்டும், மின்கட்டணம் யார் கட்டுவது என்பதை உத்தரவிலேயே எழுத வேண்டும். பெண் பிள்ளைகளுக்குத் தனிக் கழிப்பறையும் உடை மாற்றும் அறையும் வேண்டும், இது இல்லாததால் எட்டாம் வகுப்போடு நின்றுபோன நல்ல ஓட்டக்காரிகளை எனக்கே தெரியும். தற்காலிகக் கேலரிக்குப் பரிசோதனை கட்டாயம். மைதானத்துக்கு வெளியே தள்ளுவண்டிக்கு இடம் ஒதுக்கி, உள்ளூர்க்காரர்களுக்கே முதலில் கொடுக்க வேண்டும். பத்து வருடப் பராமரிப்புக்குப் பணம் எங்கிருந்து வரும் என்று காட்டாமல் எந்தக் கட்டடத்துக்கும் அடிக்கல் நாட்டக் கூடாது.

வடசேரி வாசகரே, உங்கள் ஐம்பதாயிரம் இருக்கை இதில் இல்லை. இருந்தாலும் உங்கள் கையெழுத்து வேண்டும். மனு கடையில் இருக்கிறது, புதன்கிழமை வரை. மதியம் ஒன்றிலிருந்து மூன்று வரை கடை பூட்டியிருக்கும், பக்கத்து ஜெராக்ஸ் கடையில் கேட்டால் எடுத்துத் தருவார்கள்.